வயசானவங்களோட போன், பேங்க், பென்ஷன் வேலையெல்லாம் நாமளே செஞ்சு முடிச்சிடலாமா?

பாட்டிக்கு போன் சொல்லிக் கொடுத்தா எரிச்சல் படறாங்க, பேசாம ஓடிபி, பேங்க், ரேஷன் எல்லாத்தையும் நானே கையில எடுத்துக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேலைய நீங்களே செய்யுங்க, தப்பே இல்ல. ஆனா அவங்கள பக்கத்துல உக்கார வச்சி, இப்ப இன்னா பண்றேன்னு வாயால சொல்லிக்கினே செய்யுங்க. துட்டு அவங்களோடது, அது எங்கேர்ந்து வருது எங்க போகுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும், இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

எங்களுக்கு குடியாத்தம் பக்கம். எங்க ஆயா கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடிலேர்ந்து பீடி சுத்தினவங்க. மடியில முறத்த வச்சிக்கினு இலைய வெட்டி, தூள் வச்சி சுருட்டி, நூல் கட்டி, நுனிய மடக்கின்னு வருஷக்கணக்கா அதே வேலை, விரல் நுனியெல்லாம் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. கைரேகை மெஷின்ல விழவே விழாது. ரேஷன் கடையில "தொடச்சிட்டு வைமா, அழுத்தி வைமா, வேற விரல் வைமா"ன்னு சொல்லிக்கினே இருப்பாங்க, பின்னாடி லைன்ல நிக்கிற ஜனம் பாத்துக்கினு இருக்கும். மெஷின் புரியலன்னு வர்ற எரிச்சல் கொஞ்சம்தாங்க, நாலு பேர் எதிர்ல நிக்க வச்சி "ஆகல"ன்னு சொல்லிட்டாங்களேங்கற கூச்சம்தான் ஜாஸ்தி. உங்க பாட்டி எதுக்கு எரிச்சல் படறாங்கன்னு முதல்ல அத பாருங்க.

பி.எஃப். பென்ஷன் வாங்கறவங்களா இருந்தா வருஷா வருஷம் உயிர் சான்று கொடுக்கணும். பீடி வேலை செஞ்ச நிறைய பேருக்கு வர்றது குறைஞ்சபட்ச பென்ஷன் 1000 ரூபாதான், ஆனா அந்த ஆயிரம் மகன்கிட்ட மருமககிட்ட கை நீட்டாம மாத்திரை வாங்கற காசு. இதுக்கு நவம்பர் வரைக்கும் காத்திருக்கணும்னு பல பேர் நினைக்கறாங்க, பி.எஃப். பென்ஷனுக்கு அப்படி கிடையாது, எந்த மாசத்துல வேணாலும் கொடுக்கலாம், கொடுத்த நாள்லேர்ந்து ஒரு வருஷம் செல்லும். ஆதார் வச்சி ஆன்லைன்ல உயிர் சான்று கொடுக்கற ஜீவன் பிரமான் திட்டத்த கவர்மெண்ட் 2014-ல ஆரம்பிச்சப்ப கைரேகை, கருவிழி இந்த ரெண்டுதான், 2021-லேர்ந்து போன் கேமராவுல மூஞ்ச காட்டினாலே போதும்னு வந்துடுச்சு. ரேகை தேஞ்சவங்களுக்கு இதவிட பெரிய உதவி வேற இல்ல.

உங்க போன்லயே ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமான் ரெண்டு ஆப்பையும் போடுங்க. மொதல்ல ஆபரேட்டர்னு, அதாவது எடுத்துக் கொடுக்கற ஆளுன்னு, உங்க ஆதார், உங்க மூஞ்சி, அப்புறம் பாட்டியோடது. பிபிஓ நம்பர் (பென்ஷன் ஆர்டர்ல இருக்கற நம்பர்), பேங்க் அக்கவுண்ட் நம்பர் முன்னாடியே எடுத்து வச்சிக்குங்க. வாசல் வெளிச்சம் முதுகுக்குப் பின்னாடி இருந்தா எடுக்காது, மூஞ்சி மேல வெளிச்சம் விழற மாதிரி திண்ணையில வெளிய பாத்து உக்கார வைங்க. அந்த ஆப் கண்ண சிமிட்டச் சொல்லும், எங்க ஆயா வேலூர் ஷெல் கண் ஆஸ்பத்திரியில புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, சிமிட்டுன்னா இறுக்கி மூடிக்குவாங்க, அதனால செல்ஃபி கேமராவ திறந்து வச்சி சும்மா சிரிச்சிக்கினே கொஞ்சம் பழக்கினோம். முடிஞ்சதும் பிரமான் ஐடி, அதாவது அந்த சான்றோட நம்பர், மெசேஜா வரும், அதோட விட்டுடாதீங்க, விவரம் தப்பா இருந்தா தள்ளிடுவாங்க, ஏத்துக்கிட்டாங்களான்னு அப்புறமா பாருங்க. நீங்க வெளியூர்ல இருந்தா போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுப்பாரு.

ரேஷனுக்கும் வழி இருக்கு. நிறைய கடையில இப்ப கருவிழி மெஷின் இருக்கு, அதக் கேளுங்க. நடக்கவே முடியாதவங்கன்னா வேற ஆள் வாங்கறதுக்கு அங்கீகாரப் படிவம் எழுதிக் கொடுக்கலாம், 2025 ஆகஸ்ட்லேர்ந்து தாயுமானவர் திட்டத்துல வயசானவங்களுக்கு வீட்டுக்கே பொருள் வருது, அதுல பேர் இருக்கான்னு கடையில விசாரிங்க.

இப்ப முக்கியமான ஒண்ணு. ஆதார் வச்சி பணம் எடுத்துக் கொடுக்கற கடையில "ஃபெயில் ஆயிடுச்சு, இன்னொரு தடவ வைமா"ன்னு சொன்னா உடனே விரல வைக்கக் கூடாது. மொதல் தடவையே பணம் போயிருக்கலாம். எங்க தெருவுல ஒரு அம்மாவுக்கு இப்படி ஆச்சு, ரெண்டு தடவ பிடிச்சிட்டு ஒரு தடவதான் கொடுத்திருக்காங்க, பாஸ்புக்குல என்ட்ரி போட்டப்பதான் தெரிஞ்சுது. அதனால ஆயாவுக்கு நான் மொதல்ல சொல்லிக் கொடுத்தது வாட்ஸ்அப் இல்ல, பேங்க் மெசேஜ். எழுத்து படிக்கத் தெரியாதுங்க, ஆனா நம்பர் நல்லா தெரியும், கட்டு கணக்கு பாத்து கூலி வாங்கினவங்களாச்சே, ஒரு கட்டு குறைஞ்சா கேட்டு வாங்குவாங்க. மெசேஜ்ல எவ்ளோ போச்சு, மீதி எவ்ளோ இருக்கு, இந்த ரெண்டு நம்பர் எங்க இருக்கும்னு காட்டினேன், பிடிச்சிக்கிட்டாங்க. இப்ப மெசேஜ் வந்தா "இன்னா கண்ணு, மருந்து துட்டு ஏறிடுச்சு"ன்னு அவங்களே போன் பண்றாங்க.

உங்க பாட்டிக்கு என்ன தெரியுமோ அதுலேர்ந்து ஆரம்பிங்க. எழுத்த பெருசாக்கி வைங்க, போன் பண்ற ஆளுங்களோட போட்டோவ முன் பக்கத்துலயே வைங்க, தேவையில்லாத ஆப்பெல்லாம் எடுத்துடுங்க. பின் நம்பர ஏடிஎம் கார்டு உறையில எழுதி வைக்காதீங்க, நிறைய வீட்டுல இதத்தான் செய்யறாங்க.

ஓடிபி பத்தி எங்க வீட்டுல ஒரே பேச்சுதான், "பேங்க்காரன் உன்னாண்ட நம்பர் கேக்கவே மாட்டான், கேட்டா அவன் பேங்க்காரனே கிடையாது, வச்சிடு." வீடியோ கால்ல போலீஸ் டிரஸ்ல வந்து உன்ன அரெஸ்ட் பண்ணிட்டோம்னு மிரட்டறதும் இருக்கு, போன்ல அரெஸ்ட் பண்ற சட்டம் எங்கயுமே இல்லன்னு இன்னைக்கே சொல்லி வைங்க. அப்படியும் ஏமாந்துட்டாங்கன்னா தயவு செஞ்சு திட்டாதீங்க. திட்டுவாங்களோன்னு பயந்து ரெண்டு நாள் மறைச்சிடறாங்க, அதுக்குள்ள பணம் கை மாறிப் போயிடுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், எதுவா இருந்தாலும் மொதல்ல எனக்கு போன் பண்ணுன்னு முன்னாடியே சொல்லி வச்சிட்டு, விஷயம் தெரிஞ்ச நிமிஷமே சைபர் மோசடி புகார் நம்பர் 1930-க்கு அடிங்க, சீக்கிரம் சொன்னாதான் அந்தப் பணத்த நடுவுல நிறுத்தி வைக்க முடியும்.