குழந்தைக்கு மறுபடியும் சி.டி. ஸ்கேனா?

கேள்வி: மாடிப்படியில் உருண்டு விழுந்த என் ஐந்து வயது மகனுக்கு உசிலம்பட்டியில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தோம். மேல்சிகிச்சைக்கு மதுரை வந்தால், திரும்பவும் எடுக்கச் சொல்கிறார்கள். கதிர்வீச்சு கூடிவிடாதா? – ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: ஏன் எடுக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் கண் சொருகினாலோ உள்ளே ரத்தக்கசிவு கூடியிருக்கலாம். அப்போது கதிர்வீச்சை நினைத்து ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

பிள்ளை தெளிவாக இருந்து, 'ஃபிலிமில் சரியாகத் தெரியவில்லை' என்பது மட்டுமே காரணம் என்றால் அந்த ஸ்கேனைத் தவிர்க்க முடியும். ஃபிலிமில் அச்சாவது தேர்ந்தெடுத்த படங்கள்தான். ஸ்கேன் படங்களைப் பதிந்து தரும் கம்ப்யூட்டர் தட்டில் (காம்பாக்ட் டிஸ்க்) முழுப் பதிவும் இருக்கும். மூளையைத் தனியாக, எலும்பைத் தனியாக மருத்துவர் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஃபிலிமை செல்போனில் படமெடுத்து அனுப்புவது இதற்கு ஈடாகாது. முதல் சென்டரிலேயே தட்டைக் கேட்டு வாங்குங்கள். நோயாளியை வேறு ஊருக்கு அனுப்பும் ஒவ்வொரு மருத்துவமனையும் இதைக் கேட்காமலே கொடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பெரும்பாலும் அந்தத் தட்டிலேயே 'டி.எல்.பி.' (DLP) என்ற எண்ணும் பதிவாகியிருக்கும்; அந்த ஸ்கேனில் மொத்தம் எவ்வளவு கதிர்வீச்சு செலுத்தப்பட்டது என்பதைக் காட்டும் எண் அது. ஐந்து வயதுக் குழந்தையின் தலை ஸ்கேன் என்றால் அதை 0.004ஆல் பெருக்குங்கள். 400 என்றிருந்தால் சுமார் 1.6 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்து உலக மக்கள் ஆண்டுக்குப் பெறும் சராசரி 2.4. ஒரு ஸ்கேனால் வரும் புற்றுநோய் அபாயம் மிகச் சிறியது. ஆனாலும் குழந்தைகளின் செல்கள் வேகமாகப் பிரிவதாலும், முன்னே நீண்ட வாழ்நாள் இருப்பதாலும், பெரியவர்களைவிட அவர்களுக்கு அது கூடுதல்.

எடுத்தே ஆக வேண்டுமா? 'குழந்தைக்கான அளவில் வையுங்கள்' என்று டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். தோடு, ஹேர்பின்னைக் கழற்றிவிடுங்கள். உலோகம் படத்தில் கோடு கோடாக விழும். தலை அசைந்தால் படம் கலங்கி, அதே ஸ்கேனைத் திரும்ப எடுக்க நேரும்.

கேள்வி: எக்ஸ்ரே எடுக்கும்போது குழந்தையை நானே பிடித்துக்கொள்ளலாமா? – வாசகர், மேலூர்

பதில்: பிடிக்கலாம், ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு. கதிர் நேராக விழும் இடத்தில் கை இருக்கக் கூடாது. கர்ப்பிணிகள் பிடிக்க வேண்டாம். மற்ற உறவினர்கள் வெளியே நிற்கட்டும்.