மிக்ஸியில் அடித்தால் நாட்டுச் சர்க்கரை ஏன் கட்டியாகிறது?

கேள்வி: தீபாவளிக்கு மாலாடும், அடுத்த வாரமே மகளின் பிறந்தநாளுக்கு ஐசிங் வைத்த கேக்கும் வீட்டிலேயே செய்யப்போகிறேன். வெள்ளைச் சீனி வேண்டாமே என்று நாட்டுச் சர்க்கரையை மிக்ஸியில் போட்டு அடித்தேன். பொடியாகாமல் ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொண்டு கட்டியாகிவிட்டது. பனங்கற்கண்டு, எரித்ரிட்டால் (சீனிக்குப் பதிலாகப் போடும் ஓர் இனிப்பூட்டி) இவற்றைப் பொடித்துப் பயன்படுத்தலாமா? கடையில் விற்கும் ஐசிங் சுகரில் சோள மாவு கலக்கிறார்களாமே, அது கலப்படம் இல்லையா? என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இவற்றில் செய்தால் அவர் சாப்பிடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்ததுதான். நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, கருப்பட்டி, தேங்காய்ச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சீனியில் இருப்பதும் அதுவே. தாது உப்புகள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இரண்டு மாலாடில் போகிற அளவுக்கு அது ஒரு கணக்கே இல்லை. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இவற்றுக்கும் சீனிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. "நாட்டுச் சர்க்கரைதானே, இன்னும் ஒண்ணு சாப்பிடுங்க" என்று பாசமாகத் தட்டில் வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. நாட்டுச் சர்க்கரையை அதன் வாசனைக்காகவும் ருசிக்காகவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அவருக்கு மருந்து மாதிரி நினைத்து மட்டும் கொடுக்காதீர்கள்.

இனி மிக்ஸிக்கு வருவோம். உங்கள் மிக்ஸியிலும் கோளாறு இல்லை, கையிலும் கோளாறு இல்லை. சீனியைச் சுத்திகரிக்கும்போது பாகுக்கழிவை நீக்கிவிடுகிறார்கள், அதனால் அது உலர்ந்த படிகமாக இருக்கிறது. நாட்டுச் சர்க்கரையில் அந்தப் பாகு அப்படியே தங்கியிருக்கிறது. அதிலுள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மாதம் நமக்கு மழைக்காலம் வேறு. அந்த ஈரத்தோடு பிளேடு சுற்றும் சூடும் சேர்ந்தால், பொடியாக வேண்டியது பிசுக்காகிவிடும்.

அதனால் அரைப்பதற்கு முன்பே ஈரத்தை விரட்ட வேண்டும். நல்ல வெயில் கிடைத்தால் அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மேலே மெல்லிய துணி கட்டி அரைநாள் காயவையுங்கள். வெயில் இல்லாவிட்டால், கனமான வாணலியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே சர்க்கரையைப் போட்டுக் கிளறுங்கள். தீ எரியும்போது போட்டால் இளகிவிடும். பிறகு நன்றாக ஆறட்டும். இந்த ஆறவைப்பதைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கை வைத்தால் வெதுவெதுப்பே தெரியக் கூடாது. சின்ன ஜாரைத் துடைத்துக் காயவைத்து, பாதிக்கு மேல் நிரப்பாமல், விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறி மறுபடியும் பழைய கதைதான்.

மாலாடுக்கு என்றால் இவ்வளவு பாடுகூட வேண்டாம். பொட்டுக்கடலையை முதலில் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். சலித்த மாவில் இரண்டு கைப்பிடியை எடுத்து, காய்ந்த நாட்டுச் சர்க்கரையோடும் ஏலக்காயோடும் சேர்த்து ஜாரில் போட்டுச் சுற்றுங்கள். மிச்சமிருக்கும் பிசுக்கை மாவு உறிஞ்சிக்கொள்ளும், ஓரத்தில் அப்பாது. அதை மீதி மாவோடு கலந்து, சூடான நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிடிக்க வேண்டியதுதான். ஒரு கப் பொட்டுக்கடலை மாவுக்கு முக்கால் கப் சர்க்கரைப் பொடி போதும். நெய்யைச் சீனி மாலாடுக்கு ஊற்றுவதைவிடக் கொஞ்சம் குறைத்து ஆரம்பியுங்கள், பிடிக்க வரவில்லை என்றால் சேர்த்துக்கொள்ளலாம். நிறம் தேன் நிறமாக இருக்கும். எனக்கு வெள்ளை மாலாடைவிட இதுதான் பிடிக்கும்.

கேக் ஐசிங்கிற்குப் பனங்கற்கண்டுதான் என் தேர்வு. படிகமாக உறைந்தது என்பதால் நாட்டுச் சர்க்கரையைவிட உலர்வாக இருக்கும், நன்றாகப் பொடியும். ஆனால் கட்டியை அப்படியே மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். துணியில் சுற்றி, உலக்கையாலோ அம்மிக் குழவியாலோ தட்டி, மிளகு அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். நூலில் படிய வைத்து எடுக்கும் பொருள் அது, நூல் துணுக்கு இருந்தால் பொறுக்கிவிடுங்கள். அரைத்த பிறகு மிக மெல்லிய சல்லடையில் சலித்து, மேலே தங்குவதை மறுபடி அரைக்க வேண்டும். சலிக்காவிட்டால் ஐசிங் வாயில் நறநறக்கும். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராமுக்கு இந்தப் பொடி 150 கிராம், ஒரு ஸ்பூன் பால். இளம் பழுப்பாக வரும், அதனால் சாக்லேட் கேக்கிற்கோ காபி கேக்கிற்கோ பொருந்தும். மகள் வெள்ளை ஐசிங்தான் வேண்டும் என்றால் அன்றைக்கு ஒருநாள் சீனியே இருக்கட்டும், தப்பில்லை. வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: சீனிப் பாகுக்கு நிறமேற்றி உறையவைத்ததையும் பனங்கற்கண்டு என்று விற்கிறார்கள். விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். கருப்பட்டியைப் பொடிக்க முயலவே வேண்டாம், அதைத் துருவி மற்றப் பலகாரங்களில் போடலாம்.

உங்கள் கணவருக்கு எரித்ரிட்டால் ஒரு வழி. ஒரு கிராமுக்குச் சீனியில் 4 கலோரி, இதில் சுமார் 0.2. ரத்தச் சர்க்கரையை ஏறக்குறைய ஏற்றுவதே இல்லை. இனிப்பு சீனியில் 60 முதல் 70 சதவீதம்தான். காற்றிலிருந்து ஈரத்தை அவ்வளவாக இழுக்காது என்பதால் மிக்ஸியில் அழகாகப் பொடியும், சோள மாவும் தேவையில்லை. மூடியை உடனே திறக்காதீர்கள். தூசு மூக்கில் ஏறினால் தொண்டை கமறும், சில நிமிடம் அடங்கட்டும். தண்ணீர் விட்டுக் குழைத்த ஐசிங்கில் இது மறுபடியும் படிகமாகி நறநறக்கும், அதனால் வெண்ணெயோடோ க்ரீமோடோ மட்டும் சேருங்கள். நாக்கில் ஒரு சில்லிப்பு தெரியும். மாலாடில் ஏலக்காயைத் தூக்கலாகப் போட்டால் அது அவ்வளவாக உறுத்தாது. நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பும், சிலருக்கு வயிற்றால் போகும்.

2023-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததைக் காட்டியது. நம் உடலே எரித்ரிட்டாலைக் கொஞ்சம் உற்பத்தி செய்வதால், காரணம் அதுதான் என்று அந்த ஆய்வை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் அவருக்கு இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, பொட்டுக்கடலையிலும் மைதாவிலும் மாவுச்சத்து இருக்கிறது. எரித்ரிட்டால் போட்டாலும் அவருக்கு ஒரு சிறிய மாலாடு, ஒரு மெல்லிய துண்டு கேக், அவ்வளவுதான். 'ஸ்டீவியா' (ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு) என்று எழுதிய பாக்கெட்டை வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் என்றிருந்தால் அவருக்கு ஆகாது, இரண்டும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சைலிட்டால் என்ற இன்னோர் இனிப்பூட்டியை வாங்கும் எண்ணம் இருந்தால், வீட்டில் நாய் இருக்கிறதா என்று யோசியுங்கள். நாய்க்கு அது கொடிய விஷம்.

ஐசிங் சுகரில் சோள மாவு கலப்பது கலப்படம் இல்லை. கட்டி பிடிக்காமல் இருக்க 3 முதல் 5 சதவீதம் வரை சேர்க்கிறார்கள். நீங்களும் பனங்கற்கண்டுக்கு 200 கிராமுக்கு ஒரு டேபிள் ஸ்பூன் சேர்க்கலாம். சோள மாவு பிடிக்கவில்லை என்றால் கூவைக்கிழங்கு மாவு நன்றாக இருக்கும். அரிசி மாவு மட்டும் வேண்டாம், ஐசிங்கில் பச்சை வாசனை அடிக்கும். எதையும் மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள். தேவைக்கு அரைத்து, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால், வெளியே எடுக்கும்போது வேர்த்து மறுபடியும் கட்டியாகும்.