தூரி கட்ட மரம் இருக்கிறதா?

கேள்வி: திருப்பூர் பக்கம் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். மையத்தில் 23 பிள்ளைகள். அதில் 8 பேர் ஒடிசா, பீகாரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். ஊர்க்காரர்களையும் பெற்றோரையும் மையத்துக்குள் கொண்டுவாருங்கள், பண்பாட்டைச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார் மேற்பார்வையாளர். பொங்கலுக்கு மாறுவேடப் போட்டி வைத்தேன். அந்த ஒடிசாப் பையன் தலைப்பாகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரே அழுகை. பார்க்க வந்த அம்மாக்களும், "பால்வாடில ஆட்டமும் பாட்டமும் மட்டும்தானுங்களா, ஏபிசிடி எப்பச் சொல்லித் தருவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இனி என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

மாறுவேடப் போட்டியில் அழாத மூன்று வயதுப் பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. பாரதியாரின் மீசை வேர்வையில் வாய்க்குள் போகும். கட்டபொம்மன் வாளைத் தரையில் இழுத்துக்கொண்டு அம்மாவைத் தேடுவான். செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிற பெரியவர்களுக்குத்தான் அது விழா. அதனால் பையன் அழுததை மனதில் வைத்துக்கொண்டு வருந்தாதீர்கள். அடுத்த வருஷம் போட்டியே வேண்டாம், அவ்வளவுதான்.

பண்பாடு என்றதும் நமக்கு மேடையும் மைக்கும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அந்த வயதுப் பிள்ளை பார்ப்பதெல்லாம் பெரியவர்களின் கையை. அது என்ன செய்கிறது, நானும் செய்யலாமா என்பதுதான் அதன் கவலை.

நானும் ஒரு காலத்தில் பல்லடம் ரோட்டுப் பக்கம் மையம் மையமாக ஏறி இறங்கியவள்தான். ஒரு மையத்தில், செக்கிங் வேலைக்குப் போகிற ஓர் அம்மா அன்றைக்கு லீவு போட்டிருந்தார். பிள்ளையை விட வந்தவரை, "பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க" என்றேன். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவர். மூலையில் குவிந்து கிடந்த பழைய பனியன்களை இழுத்துப்போட்டு மடிக்க ஆரம்பித்துவிட்டார். கழுத்தை மேலே வைத்து, இரண்டு கைகளையும் உள்ளே தள்ளி, அடியைத் தூக்கி மடித்து, மேலே ஒரு தட்டு. பிள்ளைகளை யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்து சுற்றி நின்றுகொண்டன. கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு பனியனோடு தரையில் உட்கார்ந்துவிட்டன. ஒரு குட்டி மடித்தது உருண்டையாக வந்தது. அதற்கும் மேலே தட்ட மட்டும் மறக்கவில்லை. அடுக்கும்போது அந்த அம்மா கழுத்துப் பட்டியைத் திருப்பிக் காட்டினார்: "இது எஸ்ஸு, சின்னது. இது எம்மு. இது எக்ஸ்எல், உங்கப்பனுக்கு!"

சின்னது பெரியது பிரிப்பது, ஒரே மாதிரியானதைச் சேர்ப்பது, வரிசையில் அடுக்குவது – இவை கணக்குக்கு முந்தைய பாடம் என்று நமக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தார்களே, அத்தனையும் அந்த இருபது நிமிஷத்தில் நடந்தது. இங்கிலீஷ் எழுத்துகூட இலவசமாக வந்தது! திருப்பூர்ப் பிள்ளைக்குப் பனியன் கம்பெனியும் பண்பாடுதான். உரலையும் உலக்கையையும் தேடிப்போக வேண்டாம். பக்கத்துக் கம்பெனியில் கேட்டால் கட்டிங் வேஸ்ட் ஒரு பை தருவார்கள். நாடாவாகக் கிழித்துச் சடை பின்னலாம், பந்து சுற்றலாம். ஊசி, கத்தரி, பட்டன் மூன்றும் பிள்ளைகள் பக்கம் வரவே கூடாது.

ஏபிசிடி கேட்கிற அம்மாவிடம் வாதாடாதீர்கள். பக்கத்து நர்சரி வேனைத் தினமும் பார்க்கிறார், கட்டணத்தை மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். அரசே 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியபோது, நம் மையத்துக்கு ஏன் வரவில்லை என்று அவர் நினைப்பதில் தப்பில்லை. துறை தந்த ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள். ஆட்டமும் பாட்டும் உங்கள் சொந்தக் கற்பனை அல்ல, பாடத்திட்டமே அதுதான் என்று அவருக்குத் தெரியட்டும். பிறகு அவர் மகளிடம் கொஞ்சம் மாவைக் கொடுத்து உருட்டச் சொல்லி, அவரைப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். மாவு உருட்டக் களைத்துப்போகிற விரலிடம் பென்சிலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் விளக்கவே தேவையிருக்காது.

பெற்றோர் வருவதில்லை என்பது எல்லா மையங்களிலும் கேட்கிற புலம்பல். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால் டெய்லர் எப்படி வருவார்? மிஷினை விட்டு எழுந்தால் பீஸ் ரேட்டில் அடி. சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு யாரையும் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். விட வரும்போது ஐந்து நிமிஷம், கூட்டிப்போக வரும்போது பத்து நிமிஷம் போதும். நைட் ஷிஃப்ட் முடிந்து பிள்ளையை விட வரும் அப்பாக்களையும் விடாதீர்கள். அம்மாவைத்தான் கூப்பிட வேண்டும் என்று நாமே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்.

அப்படியும் வராதவர்களிடம் நீங்கள் போங்கள். அங்கன் என்றால் முற்றம். மகாராஷ்டிராவில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் ஆதிவாசிப் பிள்ளைகளுக்காகப் பால்வாடி நடத்தியவர்கள். பிள்ளைகள் வராதபோது பால்வாடியை அவர்களுடைய வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். கோஸ்பாடில் மாடு மேய்க்கப் போன பிள்ளைகளுக்குப் புல்வெளியிலேயே பள்ளி நடந்தது. விலை கூடிய சாமான்கள் எதுவும் கிடையாது. கூழாங்கல், இலை, விதைதான். உங்களுக்கு முற்றம் என்றால் லைன் வீட்டு வாசல். மாதத்தில் ஒரு மாலை அங்கே பாய் விரித்து உட்கார்ந்து பாருங்கள், யார் யார் வீட்டில் என்ன பாட்டு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி அந்த 8 பிள்ளைகள். நம் ஊரில் எல்லாரையும் சேர்த்து ‘இந்திக்காரங்க’ என்று சொல்லிவிடுகிறோம். ஒடிசாக்காரர்களின் மொழி ஒடியா. மதுரைக்காரரை யாராவது தெலுங்கர் என்றால் நமக்கு எப்படி இருக்கும்? ஒடியாவில் ஒன்று, இரண்டு, மூன்று என்பது ஏக, துயி, தினி. இந்த மூன்றையாவது கற்றுக்கொள்ளுங்கள். பந்தை எண்ணும்போது ஒருமுறை தமிழில், ஒருமுறை ஒடியாவில் எண்ணுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் இரண்டே நாளில் பிடித்துக்கொள்ளும், நாம்தான் திணறுவோம்.

நிலாவை நாம் அம்புலி மாமா என்கிறோம். இந்தியில் சந்தா மாமா, ஒடியாவில் ஜஹ்ன மாமு. மூன்று மொழியிலும் நிலா அம்மாவின் தம்பி! இதைத் தெரிந்துகொண்ட நாள் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தாலாட்டுப் பாட ஒரு பீகார் அம்மாவையும் ஓர் ஒடிசா அம்மாவையும் உங்கள் ஊர்ப் பாட்டியோடு சேர்த்து உட்கார வையுங்கள். பிள்ளைகள் படுக்கிற நேரம்தான் இதற்கு நல்லது. மேடையும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம்.

பழைய சோறும் அப்படித்தான். சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்துச் சாப்பிடுவதை ஒடிசாக்காரர்கள் பகாள என்பார்கள். நம் பாட்டிகளிடம் சொன்னால் "அட, அங்கியும் இதேதானா" என்பார்கள். அதன் பிறகு பேச்சு தானாக வளரும்.

அடுத்தது தூரி, அதாவது ஊஞ்சல். ஆடி நோம்பிக்குக் கொங்கு ஊர்களில் மரத்தில் தூரி கட்டி ஆடுவது உங்களுக்கே தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்னால், ஜூன் நடுவில், ஒடிசாவின் கடலோர மாவட்டங்களில் ரஜோ என்று மூன்று நாள் பண்டிகை வரும். பூமித்தாய் மாதவிலக்காகி ஓய்வெடுக்கும் நாள்கள் என்று ஏர் பூட்ட மாட்டார்கள். பெண்பிள்ளைகள் புதுத்துணி உடுத்தி மரத்தில் ஊஞ்சல் கட்டி ஆடுவார்கள். மேற்கு ஒடிசாக்காரர்கள் என்றால் அவர்களுக்கு நுவாக்காய்தான் பெரிது. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் புது அரிசியில் சமைத்து உண்பார்கள், நம் பொங்கலுக்கு அக்கா தங்கை முறை. ஆகவே எந்த மாவட்டம் என்று முதலில் கேளுங்கள். கடலோரம் என்றால் ஜூனில் அவர்கள் தூரி கட்டட்டும், ஆடியில் நம்மவர்கள் கட்டட்டும். பாட்டு மட்டும் மாறும். உட்காரும் பலகை பிள்ளையின் முட்டிக்கு மேலே போகக் கூடாது. பிள்ளையை ஏற்றுமுன் இரண்டு பெரியவர்கள் தொங்கிப் பார்த்துவிடுங்கள்.

இவையெல்லாம் இனிப்பான விஷயங்கள். கசப்பான ஒன்றும் உண்டு. ஊரில் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் போடும்போது, பானை வனைகிறவரையும் பறை அடிக்கிறவரையும் ‘அவங்க வந்தா ஊர்ல ஏதாவது சொல்லுவாங்க’ என்று யாராவது சொல்வார்கள். சொன்னால் சொல்லட்டும். கூப்பிடுங்கள். வந்தவருக்கு நாற்காலி போடுங்கள், நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே டீ கொடுங்கள், பிள்ளைகளைத் தாத்தா என்று கூப்பிடச் சொல்லுங்கள். ஒரு மையத்தில் ஓலை முடைகிற பெரியவரைத் திண்ணையோடு நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. அன்று பிள்ளைகள் ஓலைக் காற்றாடியோடு அதையும் சேர்த்தே கற்றுக்கொண்டன.

பாட்டிகள் பல்லாங்குழி கொண்டுவந்தால் காயைப் பாருங்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த குன்றிமணி பார்க்க அழகு, கடித்து விழுங்கினால் கொடிய விஷம். அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புளியங்கொட்டையும் இரண்டு மூன்று வயதுக்கு ஆகாது, மூக்கில் போட்டுக்கொள்ளும். அவர்களுக்கு உள்ளங்கை அளவு கல்லும், தரையில் தோண்டிய பெரிய குழியும் போதும்.

போட்டோ கேட்பார்கள், எடுத்து அனுப்புங்கள், அது வேலையோடு சேர்ந்தது. பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். குரூப்பில் போடுவதற்காக மட்டும் ஒரு நிகழ்ச்சி வைக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் ‘அந்த ஒடிசாப் பையன்’ என்றுதான் இருக்கிறது. ரிஜிஸ்டரில் ஒரு பெயர் எழுதியிருப்பீர்கள், அது சரியான உச்சரிப்பா என்றுகூடத் தெரியாது. வீட்டில் கூப்பிட அவனுக்கு வேறொரு செல்லப்பெயர் இருக்கும். நாளைக்குக் காலையில் அவன் அம்மா வரும்போது அதைக் கேட்டுவையுங்கள். தூரி வேலையெல்லாம் ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்.