முந்தி வந்த செய்தி எது?

கேள்வி: எங்கள் தெருவில் சர்வர் இல்லாமல் போனுக்குப் போன் பேசும் செயலி வைத்திருக்கிறோம். அதில் பார்த்துப் பழைய சாமான் வியாபாரியிடம் தையல் மெஷினுக்கு ரூ.4,000 போட்டேன், காலை 10.15க்கு. அப்புறம், 'நீங்க போட்ட 4,000 பத்தாது, விலை 5,500' என்று செய்தி வந்தது. அதில் நேரம் 9.50. 'முன்னாடியே சொல்லிட்டேன்' என்கிறார். (முத்தியால்பேட்டை வாசகி)

பதில்: மீதி 1,500 ரூபாயைக் கொடுக்காதீங்கம்மா. அந்த 9.50ஐ எழுதியது அவர் போன். நடுவில் சர்வர் இல்லாத இடத்தில் நேரத்துக்குச் சாட்சி கிடையாது. செட்டிங்ஸில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி அனுப்பினால் அதுவே பதிவாகும். எண்ணிக்கொண்டே வருகிறேன், இப்படி ஏமாறுகிறவர்கள் எல்லாரும் மணியைத்தான் பார்க்கிறார்கள், செய்தியைப் படிப்பதில்லை. கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978இலேயே எழுதிவிட்டார்: வெவ்வேறு கணினிகளின் கடிகாரங்களை நம்பி வரிசை போட முடியாது; ஒரு செய்தி அனுப்பிய பிறகுதான் வந்துசேரும், அந்தத் தொடர்பைப் பிடித்துத்தான் முன்பின் சொல்லலாம். உங்கள் கதையிலும் அதுதான். 10.15க்குப் போட்ட பணத்தை 9.50க்கு எழுதிய செய்தி எப்படிச் சொல்லும்? யுபிஐ ரசீதின் 12 இலக்க எண்ணோடு இதை அவர் முன்னால் வையுங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். செயலியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: பில்லுக்கு 'பிளாக்செயின் நேர முத்திரை' போட்டால் நிமிடம்கூட மாறாது என்று 6,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா? (திருப்பாதிரிப்புலியூர் கடைக்காரர்)

பதில்: வேண்டாம். பிளாக்செயின் என்பது 'பிளாக்' என்ற பதிவுக் கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த கணக்கேடு. அதில் ஓடும் பிட்காயின் என்ற டிஜிட்டல் காசிலேயே ஒரு பிளாக்கின் நேரம், முந்தைய 11 பிளாக்குகளின் நடு நேரத்தைத் தாண்டினால் போதும். 2 மணி நேரம் முன்னால் ஓடினாலும் ஏற்பார்கள். ஒவ்வொன்றும் முந்தையதன் ஹாஷை, அதாவது கைரேகை போன்ற அடையாள எண்ணை, சுமப்பதால் வரிசை உறுதி. நிமிடம் உறுதியில்லை.

கேள்வி: ஸ்கிரீன்ஷாட்டில் மணி பார்த்துச் சரக்கை அனுப்பிவிட்டேன். பணம் வரவில்லை. (மஞ்சக்குப்பம்)

பதில்: ஸ்கிரீன்ஷாட் வெறும் படம். கணக்கைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? இனியாவது பாருங்கள். இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் புகார் கொடுங்கள்.

கேள்வி: புது போனில் ப்ளூடூத் செய்திகள் முன்பின்னாக வருகின்றன. மாற்றித் தரச் சொல்லலாமா? (கடலூர் முதுநகர்)

பதில்: போனில் பழுது இல்லை. செய்தி போனுக்குப் போன் கைமாறிக் கைமாறி வருகிறது, பிந்தும். தேதியை மட்டும் சரிபாருங்கள். காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் நான் வாங்கிய பழைய போன், அணைத்துப் போட்டால் ஜனவரி 1க்குப் போய்விடும். அதிலிருந்து அக்காவுக்கு மாத்திரையை மாற்றச் சொல்லி அனுப்பினேன். அவள் போனில் அது பழைய செய்திகளுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் பழைய மாத்திரையையே போட்டிருக்கிறாள்.