மியூசிக் பிளேயரும் பாட்டுக் கோப்புகளும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கோயில் உற்சவங்களில் என் பெரியப்பா கேசட்டில் பதிந்து வைத்த நாதஸ்வரக் கச்சேரிகள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றி, சட்டைப்பையில் அடங்கும் பிளேயரில் கேட்க விரும்புகிறேன். எந்தப் பிளேயர் வாங்கலாம்? எம்பி3 போதுமா, ஃபிளாக் வேண்டுமா?
– வாசகர், திருவிடைமருதூர்

பதில்: எந்தக் கோப்பாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், எந்தப் பிளேயர் என்ற கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும். கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். இசை சிடிக்கு உரிய அளவும் இதுதான். கேசட்டில் உள்ளதைப் பிடிக்க இதற்கு மேல் தேவையில்லை. ஸ்டீரியோவில் இது நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி இடம் பிடிப்பதால், 60 நிமிடக் கேசட் ஒன்றுக்கு 600 எம்பி ஆகிவிடும். அதையே ஃபிளாக்காக மாற்றினால் ஒலியில் எதுவும் இழக்காமல் கோப்பு கணிசமாகச் சுருங்கும். கேசட்டில் இரைச்சல் மிகுந்திருந்தால் சுருக்கம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

எம்பி3 வேறு வகை. காதுக்கு எட்டாது என்று கணித்த பகுதிகளைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறது. 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி போதும் என்பதால் பலரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள்; உபந்நியாசத்துக்கு அது தாராளம், மேளத்துக்குப் போதாது. எம்பி3 ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டித்தான் கணக்கிடுகிறது. தவிலில் குச்சியால் அடிக்கும் பக்கமான தொப்பியில் குச்சி சடாரென்று விழும்போது, அந்த அடியால் ஏற்படும் கணக்குப் பிழை துண்டு முழுவதும் பரவி, அடி விழுவதற்கு முன்பே மங்கலான ஒரு சலசலப்பாகக் கேட்கும். மறுபக்கமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் உதிர்க்கும் சொற்களும் கூர்மை மழுங்கிவிடும். 256 அல்லது 320 கேபிபிஎஸ் வைத்தால் இந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடும். 320இல்கூட ஒரு மணி நேரக் கச்சேரி சுமார் 144 எம்பிதான். 32 ஜிபி மெமரி கார்டில் 200 மணி நேரத்துக்கு மேல் அடங்கும்.

ஆகவே ஃபிளாக் பிரதியைக் கணினியிலும் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் பத்திரப்படுத்திவிட்டு, பிளேயருக்கு எம்பி3 நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எம்பி3யை மட்டும் வைத்துக்கொண்டு பின்னாளில் ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது.

பிளேயரில் மெமரி கார்டு இடமும், 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளையும், ஒரு கோப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் இடைவெளி விழாமல் பாடும் கேப்லெஸ் வசதியும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. ஆலாபனை ஒரு கோப்பு, கீர்த்தனை அடுத்த கோப்பு என்று வெட்டி வைத்தால், எம்பி3யாக மாற்றும்போது ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் சிறு மௌனம் சேர்ந்துவிடும். கேப்லெஸ் இல்லாத பிளேயர் அந்த இடத்தில் விக்கும். அப்படி இரண்டு கோப்புகளை உங்கள் கார்டிலேயே ஏற்றிக்கொண்டு போய், கடையில் போட்டுக் கேட்டு வாங்குங்கள். விலை மலிந்த பிளேயர்கள் சில 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்பதில்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய ஐபாட் ஒன்று விலைக்கு வருகிறது. என்னிடம் இருப்பவை டபிள்யூஎம்ஏ, ஃபிளாக் கோப்புகள். வாங்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. ஐபாட் இவ்விரண்டையுமே பாடாது. ஃபிளாக்கை ஆப்பிளின் அலாக் வகைக்கு இழப்பின்றி மாற்றிவிடலாம். மைக்ரோசாஃப்டின் வகையான டபிள்யூஎம்ஏவை, எம்பி3 போலவே ஒலியைக் கழித்துச் சுருக்கும் ஏஏசி வகைக்கு மாற்றினாலோ ஏற்கெனவே கழிந்த ஒலியில் இன்னொரு கழிவு சேரும். மூல சிடி கையில் இருந்தால் அதிலிருந்து மறுபடி எடுப்பதே சரி. ஐபாட் தயாரிப்பையே ஆப்பிள் 2022இல் நிறுத்திவிட்டதால், பேட்டரி எந்த நிலையில் இருக்கிறதோ என்ற கவலையும் உண்டு.

கேள்வி: அம்மாவுக்காகத் தேவாரப் பதிகங்களை வரிசையாக ஏற்றித் தந்தேன். பிளேயர் வரிசையைக் கலைத்துப் பாடுகிறது. தமிழ்ப் பெயர்களும் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.
– வாசகி, திருவாரூர்

பதில்: கோப்புகள் கெடவில்லை, கவலை வேண்டாம். விலை மலிந்த பிளேயர்கள் பல பெயர் வரிசையைப் பார்க்காமல், கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். கார்டைக் காலி செய்து, பெயர்களின் முன்னால் 001, 002 என்று எண் சேர்த்து, அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் சில கருவிகள் 1க்கு அடுத்து 10ஐ எடுத்துக்கொள்ளும். பிளேயருக்குள் தமிழ் எழுத்துரு இல்லாததால்தான் கட்டங்கள் தெரிகின்றன. பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பல பிளேயர்கள் திரையில் காட்டுவது கோப்பின் பெயரை அன்று, கோப்புக்குள் பாட்டு, பாடியவர் பெயர்களைக் குறித்து வைத்திருக்கும் டேக் விவரத்தை. அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: கையில் போன் இருக்க, தனிப் பிளேயர் எதற்கு?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ஹெட்போன் துளையும் மெமரி கார்டு இடமும் இருந்தால் தேவையில்லை, விஎல்சி செயலி ஃபிளாக்கையும் டபிள்யூஎம்ஏவையும் பாடிவிடும். தனி ஆவர்த்தனத்தின் நடுவே போன் மணி அடிப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் மட்டும் பிளேயர் வாங்கலாம்.