உயரமான மரக் கட்டடமும் தீயும்: கேள்வி பதில்

கேள்வி: நார்வேயில் 18 மாடிக்கு மரக் கட்டடம் இருக்கிறதாமே சார்? தீப்பிடித்தால் தூண் நிற்குமா?

பதில்: ப்ரூமுண்டாலில் 2019-இல் கட்டி முடித்த மியோஸ்டோர்னெட், உயரம் 85.4 மீட்டர். தூண்கள் குளூலாம், அதாவது பலகைகளை அடுக்கி ஒட்டிய பருமனான மரம். பருத்த மரம் வெளியிலிருந்து மெதுவாகக் கரியாகும், அந்தக் கரியே உள்ளே சூடு போவதைத் தாமதப்படுத்தும். ஐரோப்பிய விதியில் குளூலாமுக்கு நிமிடத்துக்கு 0.7 மி.மீ. கரியாகும் என்று கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு 84 மி.மீ. போகும். கரிக்குப் பின்னால் சூடேறி வலுவிழந்த மரத்துக்காக இன்னும் 7 மி.மீ. கழிப்போம். 600 மி.மீ. அகலத் தூணில் இரு பக்கமும் 91 போனால் மிச்சம் 418. அது பாரம் தாங்கினால்தான் அந்த அளவை ஒப்புக்கொள்வோம்.

கேள்வி: அப்படியானால் எஃகைவிட மரமே மேல்?

பதில்: அப்படி விளம்பரம் செய்வது எனக்குப் பிடிக்காது. 600 டிகிரியில் எஃகின் வலு பாதிக்கும் கீழே இறங்கும், சரி. ஆனால் அது எரியாது. மர வீட்டில் சாமான்கள் எரிந்து தீர்ந்த பிறகும் சுவரும் கூரையும் எரியலாம். குறிப்பாகக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய சி.எல்.டி. பலகையில், பசை சூட்டில் இளகினால் கரிந்த அடுக்கு கழன்று விழும். உள்ளிருந்த புது மரம் வெளியே தெரியும், தணிந்துவந்த தீ மறுபடி மூளும். அமெரிக்கத் தரவிதியில் 2018-இல் பசைக்குக் கடுமையான சோதனை வந்தது இதனால்தான். தீ தானாக அடங்குமா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி.

கேள்வி: மரத்தை ஜிப்சம் போர்டால் மூடிவிட்டால்?

பதில்: நல்ல வழி. வான்கூவரின் 18 மாடி மாணவர் விடுதியில் அப்படித்தான் செய்தார்கள்.

கேள்வி: மரம் சரி, போல்ட்?

பதில்: வெளியே தெரியும் எஃகு, சூட்டை மரத்தின் வயிற்றுக்குள் கொண்டுபோகும். அதனால் மரங்களை இணைக்கும் எஃகுத் தகட்டையும் ஊசிகளையும் மரத்துக்குள் ஆழமாகப் புதைப்பார்கள்.

கேள்வி: தீயணைப்பு வண்டி வந்து அணைத்ததும் உள்ளே போகலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அணைந்த பிறகும் சூடு உள்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். 100 டிகிரியிலேயே மரம் தன் அமுக்க வலுவில் முக்கால் பங்கை இழக்கும் என்று ஐரோப்பிய விதி கணக்கிடுகிறது. ஆறும் நேரத்திலேயே தூண்கள் உடைந்ததைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். கட்டட உரிமையாளர்கள் இதைத் தீயணைப்பு வீரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

கேள்வி: கட்டும்போது?

பதில்: அப்போதுதான் ஆபத்து அதிகம். தீயில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை, போர்டு இல்லை, கதவும் இல்லை. மாடி ஏற ஏறத் தண்ணீர்க் குழாயும் போர்டும் கூடவே ஏற வேண்டும்.