லாட்டே ஆர்ட் (காபி மேல் பாலால் வரையும் படம்) போட்டால் வெறும் வெள்ளை வட்டம்தான் வருகிறது, கையும் நடுங்குகிறது. பால் ஊற்ற எப்படிப் பழகுவது?

புதுசா ஏதோ கஃபேல சேர்ந்திருக்கீங்கன்னு நினைக்கிறேன். வட்டம் வருதுன்னா முக்கால்வாசி வேலை முடிஞ்சாச்சு. இதயம்ங்கிறது நடுவுல கோடு கிழிச்ச அந்த வட்டம்தான்.

நான் ஆழ்வார்பேட்டையில பாரிஸ்டா, அதாவது கஃபேல காபி போடுறவன். எனக்குக் கத்துக்கொடுத்த அக்கா முதல்ல கையைப் பத்திப் பேசவே இல்ல. "காதைக் குடுத்துக் கேளுடா"ன்னாங்க. ஸ்டீம் குழாய் நுனி பாலோட மேல்மட்டத்துல உரசுற அந்த 'ஸ்ஸ்' சத்தம் சில நொடிதான் இருக்கணும். ஜக் வெதுவெதுன்னு ஆகுறதுக்குள்ள நுனியைக் கொஞ்சம் உள்ளே இறக்கிப் பாலைச் சுழல விடணும். 60 டிகிரி பக்கம் வந்ததும் நிறுத்திடுங்க. 70-ஐத் தாண்டினா ருசியே மாறிடும். நம்ம ஊர் வெக்கையில வெளியே வெச்ச பால் சட்டுனு சூடேறிடும், சுழல நேரமே இருக்காது. அதனால பாலும் ஜக்கும் ஃப்ரிட்ஜ்லேர்ந்து நேரா வரணும். நாங்க வாங்குறது ஆவின் பச்சை பாக்கெட், 4.5 சதவீதம் கொழுப்பு. ஆரஞ்சுதான் ஒசத்தின்னு சிலர் சொல்வாங்க. அவங்களோட எனக்குச் சண்டையில்ல, என் கைக்குப் பழகினதைச் சொல்றேன்.

ஊத்தும்போது கப்பைச் சாய்ச்சுப் பிடிங்க. நாலு விரக்கடை உயரத்துலேர்ந்து மெல்லிசா விட்டா பால் கிரீமாவுக்கு (காபி மேல மிதக்கிற பழுப்பு நுரை) அடியில போயிடும். கப் பாதி நிறைஞ்சதும் ஜக் மூக்கை கிரீமாவைத் தொடுற மாதிரி இறக்கி, ஊத்துற வேகத்தைக் கூட்டுங்க. பயந்துக்கிட்டுச் சொட்டுச் சொட்டா விட்டா வெள்ளை மேல வராது. வட்டம் விரிஞ்சதும் ஜக்கைத் தூக்கி, நூல் மாதிரி ஒரே இழுப்பா நடுவுல இழுத்துடுங்க.

கை நடுங்குறதுக்கு வேற காரணமும் இருக்கலாம். நான் முன்னாடி இருந்த இடத்துல ஷிஃப்ட் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கணும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரணும்னு 2021-லயே தமிழ்நாட்டுல சட்டம் திருத்தியாச்சு. ஸ்டூல் கேட்டா, "கஸ்டமர் பார்த்தா நல்லா இருக்காது"ன்னாங்க. காலையிலேர்ந்து நின்ன உடம்புக்குச் சாயங்காலம் கை எப்படி நிலைக்கும்? இதை முதலாளிங்க யாராவது படிச்சா, தயவுசெஞ்சு ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுங்க.

பால் செலவாகுதுன்னு திட்டினாங்கன்னா, தண்ணியில ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு ஸ்டீம் பண்ணிப் பழகுங்க. ஜக்கை எப்போ இறக்கணும், எப்போ தூக்கணும்னு கைக்குப் பிடிபட அதுவே போதும். முடிச்சதும் ஸ்டீம் குழாயையும் ஜக்கையும் நல்லா கழுவிடுங்க.